செத்த கம்பிக்குக் கீழே

"மெதுவாண்ணே, மெதுவா! போன தடவை ரசத்தைக் கொடுக்கதுக்குள்ள ஆளக் காணும்!" என்று முத்தரசி எஞ்சினுக்குள்ளிருந்து கத்தினாள். ஒரு கையில் நாலடுக்குத் தூக்குச்சட்டி, மறு கை கதவின் கைப்பிடியில். மாசானம் வேகத்தை ஐந்து கிலோமீட்டருக்கு இறக்கினான். ஐந்துக்கும் கீழே போனால் நூற்றிருபது டன் எஞ்சின் மின்சாரம் ஓடாத செத்த கம்பிக்குக் கீழேயே நின்றுபோகும், ஐந்துக்கு மேலே போனால் தங்கச்சி புருஷன் பசியோடு கிடப்பான். அவன் பாடு அப்படி.

தண்டவாளத்தோரம் மஞ்சள் பலகை வந்ததும் மாசானம் மின்சாரத்தைத் துண்டித்தான். கூரைமேல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்புக் கை மடங்கிப் படுத்தது. உள்ளே சுழன்றுகொண்டிருந்த காற்றாடிகள் ஒவ்வொன்றாக அடங்கின. சக்கரம் உருளுகிற சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. இயந்திர அறையின் ஒடுக்கமான நடைபாதையில், அதுவரைக்கும் ஒரு ஈ கூட இல்லாத இடத்தில், முத்தரசியின் புருஷன் சேர்மத்துரை குத்தவைத்து உட்கார்ந்து, வாயில் ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையைக் கடித்துக்கொண்டு கேபிள் கட்டிக்கொண்டிருந்தான்.

"பிடிங்க. கீழ சோறு, நடுவுல மீன் கொழம்பு, மேல அவியலு. ரசம் தனியா இருக்கு, சாச்சிராதிய."

"உப்பு போட்டியா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. பிடிங்கங்கேன்."

முப்பத்தாறு நொடி. மறுபக்கத்துக் கம்பியை இன்னொரு இரும்புக் கை எழும்பித் தொட்டதும் காற்றாடிகள் அலறின. நடைபாதையில் ஆளும் இல்லை, தூக்குச்சட்டியும் இல்லை.

"ரசமும் போய்ச் சேந்துட்டு," என்று முத்தரசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேன்டீன் வேலைக்கு இறங்கிப் போனாள். அது ஒன்பதாவது தடவை.

ஏன், எப்படி என்று கேட்டால் பாறைக்குளத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்ததைச் சொல்லலாம். பாறைக்குளம் ஃபேக்டரியில் எஞ்சின் தலைகீழாகத்தான் பிறக்கும்: இரும்புத் தகடுகளை வெட்டி, அடிச்சட்டத்தைக் குப்புறப் போட்டு, அடிவயிற்றில் வெல்டிங் வைத்து, ரெண்டு கிரேன் பிடித்து மல்லாத்தி, மேல்பக்கமும் வைத்து, நட்டநடுவில் ஒரு விரல்கடை மேலே வளைந்திருக்கும்படி வேண்டுமென்றே செய்து, ஏனென்றால் நேராகச் செய்தது பாரம் ஏறினால் தொங்கும், வளைத்துச் செய்ததுதான் பாரம் ஏறி நேராகும், அதன் வயிற்றில் வீட்டு அறை அளவு டிரான்ஸ்ஃபார்மரைத் தொங்கவிட்டு, அதன்மேல் பீரோ பீரோவாகப் பெட்டிகளை நிறுத்தி, பெட்டிக்குப் பெட்டி செம்புப் பட்டைகளைக் கோத்து, அதற்கப்புறம் இழுத்தால் பக்கத்து ஊர் வரைக்கும் போகிற நீளத்துக்குக் கேபிளை உள்ளே நுழைத்து, சரக்கு இழுக்கிற எஞ்சினுக்குச் சக்கரம் வழுக்கக் கூடாது என்று வெறும் பாரத்துக்காகவே இரும்புப் பாளங்களையும் வைத்துத் திருகி, சக்கரக் கூட்டின்மேல் இறக்கி உட்காரவைப்பார்கள். அதுவரைக்கும் எல்லா எஞ்சினும் ஒன்றுதான். இந்த எஞ்சின் ரெண்டு வகை வோல்ட்டுக்காரன். கடல் தாண்டி இதை வாங்கப்போகிற நாட்டில் பாதிப் பாதைக்கு மேலே மூவாயிரம் வோல்ட் ஒரே திசையில் ஓடுகிறது, மீதிப் பாதைக்கு மேலே இருபத்தைந்தாயிரம் நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. ரெண்டு கம்பியும் தொட்டுக்கொண்டால் வெடிக்கும். அதனால் நடுவில் மின்சாரமே இல்லாத கம்பியாக ஐம்பது மீட்டர் விட்டிருக்கிறார்கள். எஞ்சின் ரெண்டு கையையும் கீழே போட்டுக்கொண்டு, தன் சொந்த ஓட்டத்தில் அதைக் கடக்கணும். கடக்கும்போதே உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு மாற்றுச் சுவிட்சு இந்தப் பக்கத்தை விட்டு அந்தப் பக்கம் சாயணும். அதைச் சோதிக்க பாறைக்குளத்திலும் அதே மாதிரி ஒரு பாதை போட்டு, பாதிக்கு அந்தக் கம்பி, பாதிக்கு இந்தக் கம்பி, நடுவே செத்த கம்பி என்று கட்டியிருந்தார்கள். நாற்பது தடவை பழுதில்லாமல் கடந்தால்தான் வாங்குவோம் என்பது வாங்குகிறவர்களின் ஒப்பந்தம்.

நடந்தது இதுதான். இயந்திர அறைக்குள் போகிற ஒவ்வொருத்தனும் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை வாசல் பலகையில் மாட்டிவிட்டுத்தான் போகணும். பலகை காலியானால்தான் மின்சாரம் கொடுக்கலாம். நல்ல சட்டம். ஆனால் பத்து மணிக்கு மணி அடித்தால் கேன்டீனில் உளுந்தவடை பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும் என்பதும் சட்டம் மாதிரிதான். அதனால் எல்லாரும் முன்னால் ஓட, கடைசியாக இறங்குகிறவன் பலகையில் இருக்கிற வில்லைகளைக் கொத்தாக அள்ளிக்கொண்டு போய் வடைத் தட்டோடு பங்குபோடுவான். எந்தக் காலத்திலிருந்தோ அப்படித்தான். அன்றைக்குக் கடைசியாக இறங்கினவன் மாசானம். சோதனை ஓட்டமும் அவன்தான். எண்ணிப் பார்க்கவில்லை. வடை தின்று, டீ குடித்து, வந்து பலகையைப் பார்த்தார்கள், காலி. ஃபோர்மேன் பெர்க்மான்ஸ் கையைக் காட்டினார். மாசானம் மூவாயிரத்திலிருந்து கிளம்பி, செத்த கம்பியைக் கடந்து, இருபத்தைந்தாயிரத்துக்குள் போனான். மாற்றுச் சுவிட்சுப் பெட்டிக்குப் பின்னால் இருந்த சந்தில் சேர்மத்துரை கேபிள் கட்டிக்கொண்டிருந்தான். சுவிட்சு இந்தப் பக்கத்தை விட்டாச்சு, அந்தப் பக்கத்தை இன்னும் தொடவில்லை என்கிற அந்தக் கண்ணிமைக்கிற நேரத்தில் அவன் அகப்பட்டுக்கொண்டான் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

பெட்டி பெட்டியாகத் திறந்து தேடினார்கள். எரிந்த வாடை இல்லை, ரத்தம் இல்லை, ஒரு பொத்தான் கூட இல்லை. மறுநாள் தண்டவாளத்தில் திரும்ப ஓட்டியபோது, கை ரெண்டும் இறங்கியதும், உள்ளேயிருந்து, "எவம்ல லைட்ட அணைச்சது?" என்று குரல் வந்தது.  மாசானம் அழவில்லை, ஓடவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு பெர்க்மான்ஸிடம் போய், "சார், மாப்ள கிடைச்சுட்டான்," என்றான்.

பாறைக்குளத்துக்காரர்கள் இதை மூன்று நாளில் பழகிக்கொண்டார்கள். சங்கச் செயலாளர் சங்கிலிபூதம் நேராக ஆபீசுக்குப் போய், "ஆளு கேட்டைத் தாண்டி வெளிய போவல. வேலையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான். எப்படிவே ஆப்சென்ட் போடுவீரு?" என்று மேஜையில் தட்டினார். ஆபீசில் யோசித்துவிட்டு ஆஜர் போட்டார்கள். கபடி டீமில் இருந்து நாலு பேர் ஏறி அடுத்த மாட்ச்சுக்கு யாரை இறக்கலாம் என்று கேட்டுக்கொண்டு இறங்கினார்கள். பேங்க்காரர் ஒரு கையெழுத்து வாங்கினார். வரிசை நீண்டுபோனதால், ஒரு கடப்புக்கு ஒரு ஆள்தான், முதல் உரிமை பெண்டாட்டிக்கு, என்று நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டினார்கள். வெளியே இழுத்துவிடலாமே என்று நினைக்காமலும் இல்லை. சங்கிலிபூதமே ஒரு தடவை சேர்மத்துரையின் மணிக்கட்டை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கத்துக் கம்பியைத் தொட்டதும் கைக்குள் ஒன்றும் இல்லை. அன்றையிலிருந்து அவர் உள்ளங்கைக்குச் சூடு தெரியாது. கொதிக்கிற டீ டம்ளரை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு பேசுவார், பார்க்கிறவர்களுக்குத்தான் கூசும்.

அவர்கள் பார்க்காமல் விட்டது வேறு. விளக்கு அணைந்த நடைபாதையின் இருட்டில் அவன் முகத்தை ஒருத்தரும் சரியாகப் பார்க்கவில்லை. தூக்குச்சட்டி ஒரு மணி நேரம் கழித்து அடுத்த கடப்பில் திரும்பி வரும்போது கழுவித் துடைத்து வந்தது, உள்ளே ஒரு குழாய் கூடக் கிடையாது. அது போதாதென்று நசுங்கி, பிடி தேய்ந்து, கொக்கி போன இடத்தில் கட்டுப்பட்டை போட்டு இறுக்கி வந்தது. "ஒரு பாத்திரத்தை உருப்படியா வச்சிக்கிடத் தெரியுதா இந்த மனுசனுக்கு," என்று முத்தரசி திட்டிவிட்டுப் புதுசு வாங்கினாள். இயந்திர அறையின் கேபிள்கள் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே போயின. ரெண்டு விரல் இடைவெளிக்கு ஒரு கட்டு, எல்லாக் கட்டும் ஒரே பக்கம் பார்த்து, சரம் தொடுத்த மாதிரி, ஆயிரக்கணக்கில். வாங்குகிற நாட்டிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இதை எத்தனை பேர் எத்தனை மாதம் கட்டினார்கள் என்று கேட்டார். பெர்க்மான்ஸ் வெளியே பார்த்தார்.

சலூன்கார மாடசாமிதான் கண்டுபிடித்தார். பதினேழாவது கடப்பில், "மனுசன் காடு மாதிரி முடியோட கெடக்கான், வெட்டிவிட்டுட்டு வாரேன்," என்று கத்தரியோடு ஏறினார். முப்பத்தாறு நொடியில் பாதித் தலையை ஒட்ட வெட்டினார். மீதியை அடுத்த கடப்பில் வெட்டலாம் என்று எஞ்சினிலேயே உட்கார்ந்து பீடி குடிக்கப் பார்த்து, மாசானத்திடம் ஏச்சு வாங்கி, சும்மா இருந்தார். ஒரு மணி நேரம் கழித்து எஞ்சின் திரும்பியது. கை இறங்கியது. மாடசாமி கத்தரியை எடுத்தவர் எடுத்தபடி நின்றார். அவர் ஒட்ட வெட்டிய பக்கத்தில் முடி காது தாண்டித் தொங்கியது.

"ஒரு வருசமா ஒரு பயலும் எட்டிப் பாக்கல," என்றான் சேர்மத்துரை. குரலில் கோபம் இல்லை. அதுதான் மோசம். "அரைத் தலையோட விட்டுட்டுப் போயிட்டீரு."

மாடசாமி இறங்கி வந்து, எல்லாரும் சூழ்ந்துகொண்டு கேட்க, கத்தரியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என் தொழில்ல சொல்லுதேன். அது ஒரு வருசத்து முடி. பாதி நரைச்சிருக்கு."

பதினெட்டு கடப்பு ஆகியிருந்தது. காணாமல் போனபோது சேர்மத்துரைக்கு முப்பத்து நாலு. கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். இந்தப் பக்கம் மூன்று வாரம்கூட ஆகவில்லை, அவனுக்கு ஐம்பத்திரண்டு. ஒவ்வொரு கடப்புக்கும் ஒரு வருஷம், தனியாக, வெளியே வெறும் வெள்ளையாகத் தெரிகிறது என்று அவன் சொன்ன ஜன்னலுக்குக் கீழே, கேபிளைக் கட்டிக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு ஒரு தூக்குச்சட்டிச் சோற்றோடு. உப்பு போட்டாச்சு, போட்டாச்சு என்று இவர்கள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்றைக்கு மத்தியானம் கேன்டீன் பின்பக்கம், அடுப்புச் சாம்பல் கொட்டுகிற இடத்தில், மாசானம் தங்கச்சியிடம் சொன்னான். சேர்மத்துரையின் வில்லையையும் சேர்த்து அள்ளினவன் நான்தான், எண்ணவில்லை, வடைக்கு ஓடினேன் என்றான். 

முத்தரசி பெரிய கரண்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்குத் தெரியும்."

"என்னது தெரியும்?"

"அன்னைக்கு வடை எடுத்துக் குடுத்தது நான்லா? நீ கொத்தை மேசையில போட்டு எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்த. ஒண்ணு மிஞ்சிச்சி. நீ அதைச் சட்டைப் பையில போட்ட. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், அவுக வாராகளா வாராகளான்னு. வடை எடுத்து வச்சிருந்தேன்."

"ஏன் ஒருத்தருட்டயும் சொல்லல?"

"சொன்னா உன்னையும் கொண்டுபோயிருவானுவ. எனக்கு ஒரு ஆளு போனது போறாதா?" கரண்டியைத் தூக்கி எறிந்தாள். "இனி ஓட்டாதண்ணே. அவ்வளவுதான் கேக்கேன். ஓட்டாத."

மாசானம் பெர்க்மான்ஸிடம் போனான். பெர்க்மான்ஸ் கெட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சேர்மத்துரைக்காக மெழுகுவத்தி ஏற்றியவர். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "நாப்பதுன்னு எழுதியிருக்கு மாசானம். பதினெட்டுல எவன் வாங்குவான்? வெள்ளிக்கிழமை தூத்துக்குடியில கப்பல் நிக்குது. இது போகலன்னா அடுத்த எட்டு எஞ்சினும் கிடையாது. ஆயிரத்து இருநூறு குடும்பம். நீயே சொல்லு," என்றார்.

"இருவத்திரெண்டு தடவ சார். எழுவத்தி நாலு வயசாயிரும் அவனுக்கு. அப்புறம் கப்பல்ல ஏத்தி அனுப்பிருவோம். அங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவ கடக்கும்? ஒரு வாரத்துல..."

"தெரியும்," என்றார் பெர்க்மான்ஸ். "எனக்குக் கணக்கு போட வராதுன்னு நினைக்கியா? பதினஞ்சுல ஓட்டு. மஞ்சப் பலகையில வேகத்தைக் குறைக்காத. பன்னெண்டு நொடிதான் தெரிவான், கண்ணை மூடிக்கோ."

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மாசானம் ஏறினான். இருபத்திரண்டு கடப்பு, ஒரே நாளில். தங்கச்சிக்குச் சொல்லவில்லை. வெயில் நல்லா விழுந்திருந்தது, தண்டவாளம் பளபளத்தது. மூவாயிரத்தின் கீழே பதினைந்துக்கு ஏற்றினான். மஞ்சள் பலகை வந்தது. மின்சாரத்தை வெட்டினான். கை இறங்கியது. காற்றாடி அடங்கியது. அவனுக்கே என்ன தோன்றிற்றோ, அவன் பிரேக்கைப் போட்டான்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. நூற்றிருபது டன் முனகிக்கொண்டு நின்றது. செத்த கம்பிக்குச் சரியாக நடுவில். மாசானம் கைப்பிரேக்கின் சக்கரத்தையும் சுற்றி, அதற்குமேல் சுற்ற முடியாத வரைக்கும் இறுக்கினான். அப்புறம் கதவைத் திறந்து நடைபாதையைப் பார்த்தான்.

சேர்மத்துரை இருந்தான். பத்து நொடி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, முப்பத்தாறு ஆயிற்று, இருந்தான். பொத்தான் போன சட்டையில் கம்பி கோத்து மாட்டியிருந்தான். முழுத் தலையும் வெளுப்பு. மாசானத்துக்கு நாற்பத்தொன்று. சேர்மத்துரை அவனைக் கொஞ்ச நேரம் யார் என்று பார்த்துவிட்டு, "வா தம்பி," என்றான். மச்சான் என்று கூப்பிட மறந்துபோயிருந்தது.

கேன்டீனுக்கு விஷயம் எட்டி, முத்தரசி மாவுக் கையோடு தண்டவாளத்தில் ஓடி வந்தாள். ஏறி, புருஷன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.  ரெண்டு பேரும் பேசினார்கள், பேச்சு நிற்கவே இல்லை. வீட்டு ஓடு ஒழுகுவதை, பக்கத்து வீட்டுக்காரி வேலியைத் தள்ளிப் போட்டதை, யார் யார் வயசுக்கு வந்தது, யார் யார் செத்தது என்பதை எல்லாம். மாசானம் ஓட்டுநர் அறையில் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாக்கிடாக்கி கத்திக்கொண்டே இருந்தது.

மதியம் ஆனது. வெயில் உச்சியில் நின்று அப்புறம் நகரவில்லை மாதிரி இருந்தது. முத்தரசி தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து, கதவைத் திறந்து, படியில் இறங்கக் காலை வைத்தாள். வைத்த கால் வைத்தபடி நின்றாள். கதவைப் பிடித்துக்கொண்டு காலை மெதுவாக உள்ளே எடுத்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். வெளியே படி இருந்தது, ஜல்லி இருந்தது, அதற்கப்பால் தூரத்தில் சங்கிலிபூதமும் பாதி ஃபேக்டரியும் நின்று இவளைப் பார்த்தார்கள். காலுக்குக் கீழே மட்டும் ஒன்றும் இல்லை. நீட்டின கால் கணுக்கால் வரைக்கும் வெளிறிப்போய், வெயில் அதில் விழாமல் தாண்டிப் போயிற்று.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து பழையபடி உட்கார்ந்தாள். "தண்ணி அப்புறமா குடிச்சிக்கிடலாம்," என்றாள்.

மாசானம் எழுந்து அந்தக் கதவுக்குப் போனான். கையை வெளியே நீட்டினான். மணிக்கட்டு வரைக்கும் வெளிறிப்போன கையை உள்ளே எடுத்துக்கொண்டான். திரும்ப வந்து உட்கார்ந்தான்.

சாயங்காலம் டீசல் எஞ்சின் ஒன்று பின்னால் வந்து முட்டியது. அது தள்ளினால் போதும், அந்தப் பக்கத்துக் கம்பி இருபத்தைந்து மீட்டர்தான். "மாசானம், கேக்குதா? டீசல் தள்ளும், நீ கைப்பிரேக்கை மட்டும் விடு. மத்ததை வெளிய வந்து பேசிக்கிடுவோம்," என்றார் பெர்க்மான்ஸ் வாக்கிடாக்கியில்.  "உன்னை ஒண்ணும் செய்ய விடமாட்டேன். சத்தியமா. பிரேக்கை விடு."

சங்கிலிபூதம் வாங்கிப் பேசினார். "தோழர், சங்கம் இதுல செய்யதுக்கு ஒண்ணும் இல்ல. விட்டுருங்க. தங்கச்சியாவது எறங்கட்டும்."

இறங்க முடியாது என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது. மாசானமும் சொல்லவில்லை.

பின்னாலிருந்து சேர்மத்துரை எழுந்து வந்து ஓட்டுநர் அறை வாசலில் நின்றான். கையில் ஒரு கட்டு கட்டுப்பட்டை. முகத்தில் சந்தோஷம் மாதிரி ஒன்று இருந்தது, ரொம்ப நாள் யாருக்கும் காட்டாததால் அது எப்படி இருக்கணும் என்று அந்த முகத்துக்கே நிச்சயமில்லை.

"அவங்க சொல்லுத மாதிரி விட்டுரு தம்பி," என்றான். "ஒரு வருசந்தான் ஒவ்வொண்ணும். தனியா இருந்தாத்தான் அது நீளம். மூணு பேரு இருந்தா ஓடிரும். கட்ட வேண்டியது இன்னும் நிறைய கெடக்கு, உனக்கும் சொல்லித் தாரேன். அவளுக்கு விரலு சின்னது, சந்துக்குள்ள போவும்."

முத்தரசி அவன் பின்னால் நின்றாள். அண்ணனைப் பார்த்தாள்.  அவள் கையில் ஒரு கட்டுப்பட்டை இருந்தது.

டீசல் தள்ளியது. எஞ்சின் ஒரு தடவை குலுங்கியது, சக்கரம் சுற்றாமல் தண்டவாளத்தைக் கொஞ்சம் தேய்த்தது, நின்றது. டிரைவர் இன்னும் கொஞ்சம் கொடுத்தான். "விடுடா மாசானம்!" என்று பெர்க்மான்ஸ் வாக்கிடாக்கி இல்லாமலே ஜல்லியில் நின்று கத்தினார். "விடு தம்பி," என்றான் சேர்மத்துரை மெதுவாக, தோளில் கை வைத்து. அந்தக் கை கனமாகவும் இருந்தது, ஒன்றுமே இல்லாததாகவும் இருந்தது. மாசானம் கைப்பிரேக்கின் சக்கரத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். விடவில்லை.